சரிவின் மேல் குடியிருக்கும் சமோலி

1893 செப்டம்பர். மழைக்காலம் முடியப்போகிற நேரம். கார்வால் மலைகளில் பிரஹி கங்கை என்ற சிற்றாற்றின் கரையில் இருந்த ஒரு குன்று, ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து ஆற்றுக்குள் விழுந்தது. பாறையும் மண்ணும் சுமார் 900 அடி உயரத்துக்கு அணை போலக் குவிந்துவிட்டன. ஆறு நின்றுபோனது. தண்ணீர் தேங்கத் தேங்கப் பின்னால் ஓர் ஏரி வளர்ந்தது. கோனா ஏரி என்று அதற்குப் பெயர் வந்தது.

பிரஹி போய்ச் சேர்வது அலக்நந்தாவில். அங்கிருந்து ஹரித்வார் வரை ஆற்றங்கரையில் ஊர் ஊராக மக்கள். புல்ஃபோர்டு என்ற பொறியாளர் ஏரிக்கு வந்து சேரும் நீரைக் கணக்குப் போட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் அணையைத் தாண்டி வழியும் என்று சொன்னார். கீழே உள்ள ஊர்களுக்கு உடனுக்குடன் சேதி சொல்லத் தந்திக் கம்பி இழுத்தார்கள். ஏரிக்கரையில் ஆள் இருந்து நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆற்றோரம் இருந்தவர்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். 1894 ஆகஸ்ட் 25 நள்ளிரவை ஒட்டி அணை உடைந்தது. கார்வாலின் பழைய தலைநகரான ஸ்ரீநகரை வெள்ளம் துடைத்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் ஐந்து பேர். ஒரு பக்கிரியும் அவர் குடும்பமும். வெளியேற்றிய பிறகும் திரும்பிப் போனவர்கள் அவர்கள்.

தந்திதான் அதிவேகத் தகவல்தொடர்பாக இருந்த காலத்தில், அவ்வளவு பெரிய வெள்ளத்தில், ஐந்தே பேர். சமோலியைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கோவில், பனிமலை, பூப்பள்ளத்தாக்கு என்று இந்த மாவட்டத்தைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, நிலையாக நிற்காத ஒரு மண்.

உத்தராகண்ட் மாநிலத்தில், திபெத்தை ஒட்டி இருக்கிறது சமோலி. 1960 பிப்ரவரி 24 அன்று பௌரி கார்வாலிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். தலைமையிடம் கோபேஷ்வர். பரப்பளவு 8,030 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,91,605. அதாவது சதுர கிலோமீட்டருக்கு 49 பேர். இந்தச் சராசரியை வைத்து எங்கும் ஆள் நடமாட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நிலத்தில் பெரும்பகுதி பனியும் பாறையும் காடும். மக்கள் எல்லோரும் ஆற்றோரத்திலும், சரிவில் கிடைத்த சின்னச் சின்ன மேடைகளிலும் நெருக்கியடித்துத்தான் வாழ்கிறார்கள்.

உயர வித்தியாசத்தைச் சொன்னால் விளங்கும். கௌச்சர் சமவெளி 800 மீட்டர் உயரம்தான். கோடையில் வியர்த்துக் கொட்டும். அதே மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் நந்தா தேவி 7,816 மீட்டரில் நிற்கிறது. முழுக்க இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் மலைகளில் அதுதான் உயரமானது. காமெட் 7,756 மீட்டர், திரிசூல் 7,120. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு ஏற்றம் என்றால் ஆறுகளுக்கு நிதானம் ஏது? மாணா ஊருக்கு மேலே சதோபந்த், பாகீரத் கரக் என்ற இரண்டு பனியாறுகளின் அடியிலிருந்து அலக்நந்தா கிளம்புகிறது. விஷ்ணுபிரயாகையில் தௌலிகங்கா, நந்தபிரயாகையில் நந்தாகினி, கர்ணபிரயாகையில் பிண்டர் என்று ஒவ்வொன்றாக அதில் வந்து விழுகின்றன. பஞ்சப் பிரயாகை என்று சொல்கிற ஐந்து கூடல்களில் இந்த முதல் மூன்றும் சமோலியில்தான். ஒவ்வோர் ஆறும் வேறு வேறு பாறையை அரைத்துக்கொண்டு வருவதால் நிறமும் வேறு. கூடல் படித்துறையில் நின்று பார்த்தால், ஒரு பக்கம் சாம்பல் நிறமும் மறுபக்கம் பச்சையுமாகக் கொஞ்ச தூரம் சேராமலே ஓடும், அப்புறம்தான் கலக்கும்.

இந்திய நிலத்தட்டு ஆசியத் தட்டுக்குள் இன்னமும் நெட்டிக்கொண்டிருக்கிறது. இமயமலையின் நீளத்துக்கும் ஓடும் பெரும் பிளவுகளில் ஒன்றான மையப் பெரும் உந்துப்பிளவு ஜோஷிமட் அருகே ஹேலங் பக்கமாக இந்த மாவட்டத்தைக் குறுக்கே வெட்டுகிறது. அந்தப் பகுதியில் பாறை நொறுங்கிக் கிடக்கும். 1999 மார்ச் 29 நள்ளிரவுக்குப் பின் வந்த நிலநடுக்கத்தில் சுமார் நூறு பேர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் எப்படிப் பல நூறு ஆண்டுகள் குடியிருந்தார்கள்? ஒரு பதில், அவர்கள் ஒரே இடத்தில் இருக்கவில்லை என்பது. மாணா, நீதி என்று இரண்டு உயரப் பள்ளத்தாக்குகள் திபெத் எல்லை வரை போகின்றன. அங்கே இருப்பவர்கள் போட்டியா மக்கள். தங்களுக்குள் மார்ச்சா, தோல்சா என்று பிரிவு சொல்வார்கள். கோடையில் மாணா, மலாரி, கம்ஷாலி, நீதி ஆகிய மேல் ஊர்களில் இருப்பார்கள். பனி விழுமுன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே உள்ள குளிர்கால ஊருக்கு இறங்குவார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஊர், இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. கணவாய்களைத் தாண்டித் திபெத்துக்குத் தானியமும் வெல்லமும் துணியும் போகும். உப்பும் வெண்காரமும் கம்பளி மயிரும் வரும். சுமை தூக்கியது ஆடுகள். ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இரண்டு பக்கமும் தொங்கும் சின்னப் பை, அதில் உப்பு. கழுதை போக முடியாத பாதையிலும் ஆடு போகும்.

1962 சீனப் போரோடு கணவாய் மூடியது. வணிகம் ஒரே ஆண்டில் செத்துப்போனது. 1967-ல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்த பிறகு படிப்பும் அரசு வேலையும் ஒரு வழியாக வந்தன. கம்பளி நெசவும் உருளைக்கிழங்கும் ராஜ்மாவும் மூலிகையும் மிச்சத்தைத் தாங்குகின்றன. இரண்டு ஊர் வழக்கம் இன்றும் முழுக்க விட்டுப்போகவில்லை.

மற்ற கார்வாலி மக்களின் கதை கொஞ்சம் வேறு. படிக்கட்டு வயலில் விளைவது வீட்டுக்கே போதாது. அதனால் ஆண்கள் ராணுவத்துக்கும் சமவெளி வேலைக்கும் போய்விடுவார்கள். மாதாமாதம் வரும் மணியார்டரை நம்பித்தான் வீடு நடக்கும். முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் வாங்கிய தர்வான் சிங் நேகி இந்த மாவட்டத்துக்காரர். தனக்கென்று எதுவும் கேட்காமல் கர்ணபிரயாகையில் ஒரு பள்ளிக்கூடம் கேட்டவர். ரயிலும் கேட்டார் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். ரிஷிகேஷிலிருந்து கர்ணபிரயாகை வரை 125 கிலோமீட்டர் பாதை, பெரும்பகுதி சுரங்கத்துக்குள், இப்போதுதான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்கள் வெளியே போய்விடுவதால், 2011-ல் இங்கே ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது உழைப்பு. விடியும் முன் புல்லுக்கும் விறகுக்கும் காட்டுக்குப் போவது, தண்ணீர் சுமப்பது, வயல் வேலை எல்லாமே பெண்கள் தலையில். அவர்கள் விளைவிப்பதைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகவே தெரியாது. மண்டுவா என்று சொல்வது நம் கேழ்வரகு. ஜங்கோரா என்பது குதிரைவாலி. கஹத் என்பது கொள்ளு. கறுத்த கேழ்வரகு ரொட்டியில் நெய் தடவி, கொள்ளைக் குழைய வேகவைத்த குழம்போடு வைத்தால், நம்மூர்ப் பாட்டி ஒருத்தி உடனே அடையாளம் கண்டுவிடுவாள். புராஞ்ச் என்று அவர்கள் சர்பத் போடும் சிவப்புப் பூ, நீலகிரிச் சோலைகளில் பூக்கிற காட்டுப்பூவரசின் நெருங்கிய சொந்தம்.

காட்டைப் பெண்கள் தங்களுடையதாக நினைப்பதற்கு இந்த அன்றாட வேலையே காரணம். 1970 ஜூலையில் அலக்நந்தாவில் பெரும் வெள்ளம் வந்தது. பேலாகூச்சி என்ற ஊர் இல்லாமல் போனது. 1894-ல் முழுக்க வடியாமல் மிச்சமிருந்த கோனா ஏரியும் அந்த வெள்ளத்தோடு போய்விட்டது. மேலே மரம் வெட்டியதுதான் காரணம் என்று ஊர்ஊராக நடந்து பார்த்த சண்டி பிரசாத் பட்டும் அவருடைய தசோலி கிராம ஸ்வராஜ்ய சங்கத்தாரும் சொன்னார்கள். 1973-ல் அந்தச் சங்கம் ஏர் செய்யக் கேட்ட ஆஷ் என்ற வகை மரங்களை வனத்துறை தர மறுத்து, விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. மண்டல் கிராமத்தில் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கக் கிளம்பினார்கள். சிப்கோ இயக்கம் அங்கே தொடங்கியது.

அடுத்த ஆண்டு மார்ச் 26, நீதிப் பள்ளத்தாக்கில் ரேணி. எல்லையில் ராணுவம் எடுத்த நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று ஊர் ஆண்களைச் சமோலி நகருக்கு அழைத்திருந்தார்கள். அன்றே வெட்டு ஆட்கள் காட்டுக்குள் ஏறினார்கள். ஒரு சிறுமி பார்த்துவிட்டு வந்து சொல்ல, மகளிர் மங்கள தளம் என்ற பெண்கள் சங்கத்தின் தலைவி கௌரா தேவி ஊரில் இருந்த பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். பள்ளிக்கூடம் போகாதவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். இந்தக் காடு எங்கள் பிறந்த வீடு என்று சொல்லி வழி மறித்து நின்றார். இரவெல்லாம் காவல் இருந்தார்கள். ஆட்கள் திரும்பிப் போனார்கள். பிறகு அரசு ஒரு நிபுணர் குழு போட்டது. அந்த மேல்பகுதியில் பத்து ஆண்டுக்கு மரம் வெட்டத் தடை வந்தது.

பிறந்த வீடு என்ற சொல் அங்கே சும்மா வந்ததல்ல. சமோலியின் பெரிய தெய்வம் நந்தா தேவி இந்த ஊர்களின் மகள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ராஜ் ஜாத் யாத்திரை, அவளைப் பிறந்த வீட்டிலிருந்து கைலாசத்தில் இருக்கும் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் பயணம். நௌட்டி கிராமத்தில் கிளம்பி ஹோம்குண்ட் வரை, போகவர சுமார் 280 கிலோமீட்டர். முன்னால் நான்கு கொம்புள்ள ஓர் ஆட்டுக்கடா நடக்கும். அதன் முதுகில் மகளுக்கான சீர். வழியெல்லாம் பெண்கள் அழுதுகொண்டே பாடுவார்கள். கடைசியில் கடாவை மலைப்பக்கம் தனியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். இந்தப் பாதையில்தான் ரூப்குண்ட் ஏரி இருக்கிறது, சுமார் 5,000 மீட்டர் உயரத்தில். 1942-ல் ஒரு வனக் காவலர் அதில் மனித எலும்புகளைக் கண்டார். 2019-ல் வெளியான மரபணு ஆய்வு 38 பேரின் எலும்புகளைப் பார்த்தது. 23 பேர் தெற்காசியர்கள். அவர்கள் கிபி 800-ஐ ஒட்டி, ஒரே நேரத்தில் அல்லாமல் இறந்திருக்கிறார்கள். 14 பேரின் மரபு கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியுடையது; அவர்கள் சுமார் 1800-ல் இறந்தவர்கள். அவ்வளவு தொலைவிலிருந்து அவர்கள் ஏன் அந்த உயரத்துக்கு வந்தார்கள் என்பதற்கு இன்னும் விடை இல்லை.

மலையேற்றக்காரர்களுக்கும் இது பெரிய பெயர். 1934-ல் ஷிப்டனும் டில்மனும் ரிஷி கங்கையின் இடுக்கு வழியாக நந்தா தேவியைச் சுற்றியுள்ள உள்வட்டத்துக்குள் முதலில் நுழைந்தார்கள். 1936-ல் டில்மனும் ஓடெலும் உச்சி ஏறினார்கள். 1931-ல் காமெட் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் வழியில் கண்டதுதான் பூக்களின் பள்ளத்தாக்கு. இன்று 87.5 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். பூவுக்கு ஜூலை, ஆகஸ்ட். காங்கரியாவில் தங்கித்தான் போக வேண்டும். அங்கிருந்தே இன்னொரு பாதை சீக்கியர்களின் ஹேம்குண்ட் சாஹிபுக்கு ஏறுகிறது.

பூங்கா என்று வேலி போட்டதில் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. 1982-ல் பூப்பள்ளத்தாக்கில் மேய்ச்சலை நிறுத்தினார்கள். ஆடு மேய்ந்தபோது அடங்கியிருந்த ஒரு முரட்டுச் செடி அதற்குப் பிறகு பரவத் தொடங்கியது. இப்போது ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பிடுங்குகிறார்கள். நந்தா தேவி உள்வட்டத்தையும் அதே காலத்தில் மூடினார்கள். மலையேற்றக்காரர்களுக்குச் சுமை தூக்கியும் அங்கே ஆடு மேய்த்தும் வாழ்ந்த லாதா, ரேணி மக்களுக்குப் பிழைப்பு போனது. காட்டைக் காப்பாற்றியவர்களையே காட்டுக்கு வெளியே நிறுத்தியது நியாயமாக எனக்குப் படவில்லை.

சரி, தமிழ்நாட்டிலிருந்து இத்தனை பேர் இங்கே போவது பத்ரிநாத்துக்காக. ரிஷிகேஷிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர், 3,100 மீட்டர் உயரம். 108 திவ்ய தேசங்களில் இரண்டு சமோலியில் இருக்கின்றன. பத்ரிநாத் என்னும் வதரி ஒன்று. மற்றது திருப்பிரிதி, ஜோஷிமட் நரசிம்மர் கோவில்தான் அது என்று வைணவ மரபு கொள்கிறது. இரண்டையும் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். முதுமை வந்து, கோலைத் துணையாகப் பிடித்து, முன்னடி பார்த்து வளைந்து நடக்கும் நிலை வருமுன் வதரியை வணங்கிவிடுவோம் என்கிறார். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் நின்று யோசித்தால், ரொம்ப நடைமுறை அறிவுள்ள பாட்டாகப் படும். அங்கே பூசை செய்யும் ராவல், கேரளத்திலிருந்து வரும் நம்பூதிரி.

ஜோஷிமட் நரசிம்மரைப் பற்றி ஒரு கதை உண்டு. விக்கிரகத்தின் ஒரு கை மணிக்கட்டு ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டே வருகிறதாம். அது ஒடிந்து விழும் நாளில் நரன், நாராயணன் என்ற இரண்டு மலைகளும் இடிந்து ஒன்றோடொன்று சேர்ந்து பத்ரிநாத் வழியை அடைத்துவிடும். அப்புறம் பெருமாளை பவிஷ்ய பத்ரியில்தான் சேவிக்க வேண்டும். பவிஷ்ய என்றால் வருங்காலம். மாற்றுக் கோவில்கூட இப்போதே தயாராக இருக்கிறது. மலை இடிந்து வழி அடைபடுவதைக் கண்ணால் பார்த்த மக்களுக்குத்தான் இப்படி ஒரு கதை தோன்றும் என்று நினைக்கிறேன்.

அந்த ஜோஷிமட்டே ஒரு பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொன்னது 1976-ல் அரசே அமைத்த மிஸ்ரா குழு. சரிவில் உள்ள பாறைகளைத் தோண்டியோ வெடித்தோ எடுக்காதீர்கள், மரம் வெட்டாதீர்கள், மண்ணின் உறுதியைப் பார்க்காமல் கனமான கட்டடம் கட்டாதீர்கள், கழிவுநீர் மண்ணுக்குள் இறங்காமல் வடிகால் போடுங்கள் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தது. பிறகு நடந்தது நேர் எதிர். பல மாடி விடுதிகள் எழும்பின. கழிவுநீர் உறிஞ்சுகுழி வழியே மண்ணுக்குள் போனது. அருகில் நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள். 2023 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு குடியிருப்பில் சேற்று நீர் பீறிட்டது. 860-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். சுவரில் ஆரம்பித்துத் தரையில் ஓடி, கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்த விரிசல். செயற்கைக்கோள் படங்களின்படி 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் நகரம் இறங்கியிருந்தது. சுரங்கம்தான் காரணம் என்று ஊர் மக்கள் சொல்ல, நிறுவனம் மறுத்தது. காரணங்களில் எது எவ்வளவு என்று வாதிக்கலாம். ஆனால் 47 ஆண்டுக்கு முன் எழுதிய அறிக்கை எல்லோரிடமும் இருந்தது.

ரேணிக்கும் அதே கதிதான். 2021 பிப்ரவரி 7 காலை, ரோன்டி சிகரத்தின் பக்கத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பிரிந்து விழுந்தன. அது சேறாக மாறி ரிஷி கங்கையில் இறங்கி, ரேணியில் இருந்த சிறிய மின் நிலையத்தை அழித்து, தபோவனில் கட்டிக்கொண்டிருந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கங்களுக்குள் புகுந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலும் தொழிலாளிகள். ஆற்றங்கரையில் வெடி வைப்பதை எதிர்த்து ஊர்க்காரர் ஒருவர் 2019-லேயே உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். பாறை விழுந்த இடத்துக்கும் தபோவனுக்கும் இடையே சேறு ஓடி வந்த நேரத்தில், ஒரு சைரன் இருந்திருந்தால் சுரங்கத்தில் இருந்தவர்களில் சிலராவது வெளியே வந்திருப்பார்கள். கோனாவில் ஒரு தந்திக் கம்பி அதைத்தான் செய்தது. 2021 ஜூனில் மழையில் ரேணியின் நிலம் மறுபடி சரிந்து சாலை உடைந்தபோது, ஊரில் வைத்திருந்த கௌரா தேவியின் சிலையையே பெயர்த்து எடுத்துப்போக வேண்டியதாயிற்று.

2025 பிப்ரவரி 28 அன்று மாணாவில் எல்லைச் சாலைப் பணியாளர்களின் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. 54 பேரில் 46 பேரை மீட்டார்கள். 8 பேர் இறந்தார்கள். பிப்ரவரியில் மாணாவின் சொந்த மக்கள் யாரும் அங்கே இருப்பதில்லை.

அவர்கள் எப்போது இறங்குகிறார்கள் என்பது பத்ரிநாத் கோவிலோடு சேர்ந்த விஷயம். நவம்பரில் நடை சாத்தும் நாளுக்காக மாணாப் பெண்கள் ஒரு கம்பளியை நெய்து கொடுக்கிறார்கள். அதை நெய்யில் தோய்த்துப் பத்ரி நாராயணர் மேல் போர்த்திக் கதவைச் சாத்துகிறார்கள். உற்சவ மூர்த்தி பாண்டுகேஷ்வருக்கு இறங்கிவிடும். மாணாவும் பூட்டிவிட்டுக் கீழே போய்விடும். ஆறு மாதம் பனி. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ கதவைத் திறந்ததும் முதலில் கம்பளியைத்தான் பார்ப்பார்கள். நெய் ஈரம் காயாமல் இருந்தால் அந்த ஆண்டு நல்லபடியாக இருக்கும் என்பது நம்பிக்கை. பார்த்துவிட்டு, இழை இழையாகப் பிரித்து, ஏறி வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுத்துவிடுவார்கள்.